அட்டையும் விடைத்தாளும்

கணினி அறிவியல் பட்டப்படிப்பின் தொடக்கப் பாடங்களில் கணினியின் வரலாறு என்றொரு சிறு பகுதி வருவதுண்டு. ஜோசப் மரி ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அதில் ஓரிரு வரிகளில் வந்துபோகும். 1804-இல் லியோன் நகரில் அவர் உருவாக்கிய பொறியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று தறிக்கு ஆணையிட்டன. அந்த அட்டையைக் கண்டுதான் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் கற்பனை செய்த கணக்கிடும் பொறிக்கும் அட்டைகளைத் திட்டமிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். நம் வினாத்தாளில் இது ஒரு இரண்டு மதிப்பெண் வினா. கைடில் இதற்கு மூன்று வரி விடை இருக்கிறது. மாணவர் அந்த மூன்று வரியை எழுதுவார். இரண்டு மதிப்பெண் கிடைக்கும்.

கஞ்சமலையை ஒட்டியிருக்கும் இளம்பிள்ளையிலிருந்து வந்து இந்தத் தேர்வை எழுதும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு ஜக்கார்டு அட்டை அருங்காட்சியகப் பொருளன்று. தறிக்கு மேலே பெட்டியில் சரம்சரமாகத் தொங்கிச் சுழலும் அட்டைகளின் கீழேதான் அவள் தவழ்ந்திருப்பாள். கட்டம் போட்ட தாளில் பூவும் மயிலும் வரைந்து, கட்டத்திற்கு ஒரு துளை என்று அட்டை குத்துகிறவர் அவளுக்குச் சித்தப்பாவாக இருக்கலாம். அட்டைகளின் வரிசை மாறினால் மயிலின் கழுத்து எங்கே போய் முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். (இப்போது பல கொட்டகைகளில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை போய், வடிவமைப்பைக் கணினியிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். வரலாறு சுற்றிவந்து அவள் வீட்டுத் தறிமேலேயே உட்கார்ந்துவிட்டது.) ஆணைத்தொடர், துளை உண்டு-இல்லை என்ற இருமை, ஒரே ஆணையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கரையை நெய்வது ஆகிய நிரலாக்கத்தின் அடிப்படைகள் அனைத்தும் அவள் கண்முன் ஓடிக்கொண்டிருந்தவை. விடைத்தாளிலோ கைடின் மூன்று வரிதான் இருக்கிறது. தனக்குத் தெரிந்தது பாடத்தோடு தொடர்புடையது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. திருத்துகிறவருக்கும் அவளுக்கு அது தெரியும் என்று தெரிய வழியில்லை.

இதை மாணவியின் குறையாகக் கொள்வது எளிது. ஆசிரியரின் குறையாகக் கொள்வது இன்னும் எளிது. என் எண்ணத்தில் இந்தக் குறைக்கு வயது நூற்று அறுபதுக்கும் மேல்.

1854-ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கையைத் தொடர்ந்து 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது இலண்டன் பல்கலைக்கழகம். அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம் கற்பித்த இடமல்ல, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிய அலுவலகம். சென்னையும் அப்படியே தொடங்கிற்று. கற்பிப்பது கல்லூரியின் வேலை, வினா எடுப்பதும் மதிப்பிடுவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. பின்னாளில் பல்கலைக்கழகங்கள் தாமும் துறைகள் வைத்துக் கற்பிக்கத் தொடங்கின என்றாலும், இணைவுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது தேர்வு மையம் சேலத்திற்கு நெருங்கி வந்தது. கற்பித்தவருக்கும் மதிப்பிடுபவருக்கும் நடுவிலிருந்த திரை மட்டும் விலகவில்லை. யார் என்று தெரியாத ஒருவர் எடுக்கப்போகும் வினாவுக்காகப் பாடம் நடத்துகிறவர், கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களைப் பார்க்காமல் வேறு என்ன செய்வார்?

நம் மரபில் இதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நூலாசிரியன் அவையில் அமர்ந்து, எழுந்த தடைகளுக்கெல்லாம் விடை கூறிய பிறகே நூல் அரங்கேறியதாக எண்ணப்பட்டது. உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார் பரிந்துரைத்தார், கல்லூரி ஆசிரியர்கள் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள், அவர் சொன்னார், வேலை கிடைத்தது. அதே கல்லூரியில் கால் நூற்றாண்டு கழித்து இராமானுஜன் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். இந்தக் கதையைச் சொல்லித் தேர்வுகளைத் திட்டுவது நம்மிடையே சலித்துப்போன வழக்கமாகிவிட்டது. நான் அதற்காகச் சொல்லவில்லை. சாமிநாதையரும் இராமானுஜனும் எந்த முறையிலும் எப்படியோ வெளிவந்துவிடுகிறவர்கள். எழுபது பேர் வகுப்பில் நடுவரிசையில் உட்கார்ந்திருக்கும் இளம்பிள்ளைப் பெண்ணுக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை. தவிரவும், நேரில் கேட்டறியும் அந்தப் பழைய அவைக்குள் நுழையவே எல்லாருக்கும் இடம் இருந்ததா என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

நிற்க. தேர்வைச் சீர்திருத்த முயற்சிகளே நடக்கவில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் இதைப்போல் அடிக்கடி சீர்திருத்தப்பட்ட பொருள் வேறொன்று உண்டா என்றே சந்தேகமாக இருக்கிறது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொன்னால் தேர்வுமுறையையே மாற்றச் சொல்வோம் என்ற கருத்தை 1949-இலேயே இராதாகிருஷ்ணன் ஆணையம் பதிவு செய்துவிட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் அக மதிப்பீட்டையும் கல்லூரிகளுக்குத் தன்னாட்சியையும் வலியுறுத்தியது. தன்னாட்சியில் தமிழகமே முந்திக்கொண்டது. 1978-இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் தாமே பாடம் வகுக்கவும் தாமே தேர்வு நடத்தவும் உரிமை பெற்றன. பிறகு செமஸ்டர் வந்தது, விருப்பப் பாடமுறை வந்தது, 1994-இல் தரமதிப்பீட்டுக்கென நாக் அமைப்பு வந்தது. 2014-இல் பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா முழு உறுப்பினரானதும் ‘கற்றல் விளைவு’ என்ற சொல் பொறியியல் கல்லூரிகளில் புகுந்து, அங்கிருந்து கலைக்கல்லூரிகளுக்கும் பரவியது.

இப்போது பல வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே கே1, கே2 என்று ஒரு குறி இருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வகுத்த அறிவுப் படிநிலைகளின் வழிவந்த குறி அது. கே1 என்றால் நினைவுகூர்தல், கே4 என்றால் பகுத்தாராய்தல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கே4 வினாவுக்கும் கைடில் விடை இருக்கிறது. பகுத்தாராய்ந்து வைத்திருப்பவர் கைடு எழுதியவர், மாணவர் அதை நினைவுகூர்கிறார். குறியை மாற்றியதால் வினா மாறவில்லை. அந்தக் குறிகளையெல்லாம் அட்டவணையாக்கி, எந்த வினா எந்த விளைவை எத்தனை விழுக்காடு நிறைவேற்றிற்று என்று கணக்குக் காட்டும் கோப்புகளை ஆசிரியர்கள் இரவு விழித்து நிரப்புகிறார்கள். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவதற்கான நேரம் அந்தக் கோப்புகளுக்குள் போய்விடுகிறது.

ஒரு தேர்வின் நோயை இன்னொரு தேர்வால் தீர்க்க முயல்வதும் நமக்குப் பழக்கமே. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளை வைத்து ஊரார் கோழிப்பண்ணை உவமை சொல்லிச் சிரிப்பதுண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்துகிறார்கள் என்று இத்தகைய பள்ளிகள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு மருந்தாக 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பிறகு சுமை அதிகம் என்று 2025-இல் அதைக் கைவிட்டார்கள். அந்த மனப்பாடப் பயிற்சியோடுதான் பிள்ளைகள் கல்லூரிக்குள் வருகிறார்கள். கல்லூரி அவர்களிடம் புதிதாக எதையும் கேட்காதபோது, ஏற்கெனவே கைவந்த வித்தையை அவர்கள் ஏன் விடப்போகிறார்கள்?

இங்கே தறியை வைத்து ஓர் ஒப்பீடு செய்ய ஆசை எழுகிறது. செய்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. தறியில் பழகுகிறவனுக்கு அவன் பிழை அன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் இழை அறுந்து விட்டுப்போனால் துணியில் கோடாக நிற்கிறது. கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்தில் இருக்கிறார். எந்த இழை, எந்த இடத்தில் என்று விரல்வைத்துக் காட்டுகிறார். அடுத்த அங்குலத்தில் பையன் சரிசெய்துகொள்கிறான். அந்தச் சேலைக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் நவம்பரில் செய்த பிழைக்கு விளைவு தெரியவரும்போது அடுத்த செமஸ்டர் பாதி ஓடிவிட்டிருக்கும். அப்போதும் தெரிவது 38 என்ற ஓர் எண். எந்த இழை என்று தெரியாது. ஒரு வேளைக்கு 25, 30 விடைத்தாள் திருத்த வேண்டிய மையத்தில் ஒரு தாளுக்குக் கிடைப்பது ஆறேழு நிமிடம். அதற்குள் யார்தான் விரல்வைத்துக் காட்ட முடியும்?

எச்சரிக்கை என்று சொன்னது இது: தறி நல்ல ஆசிரியன் என்று புகழ்வோர் (இலக்கியக்காரர்களாகிய நமக்கு இந்தச் சபலம் அதிகம்) அந்தத் தறிக்குழியிலிருந்து பிள்ளையை வெளியே அனுப்பத்தான் பெற்றோர் கடன்வாங்கிக் கல்லூரியில் சேர்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். தறி எப்படிச் செய்வது என்று கற்பிக்கும். ஏன் என்று கேட்க அனுமதிக்காது. தவறினால் கூலியில் பிடித்தம் உண்டு. கல்லூரியின் வேலை அந்த ‘ஏன்’தான். மாணவி அட்டையை அறிந்திருக்கிறாள், பாபேஜை அறியவில்லை. கல்லூரி பாபேஜைச் சொல்லிக் கொடுத்து அவளுடைய அட்டையை மறக்கடிக்கிறது. இரண்டும் முடிபோடப்படும் இடத்தில் அல்லவா கல்வி நிகழவேண்டும்?

முகமறியாத் தேர்வாளரைப் பற்றியும் ஒரு சொல். அவரை ஒழித்துவிட வேண்டும் என்று கிளம்பும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடைத்தாளில் பெயர் இல்லை, டம்மி எண் மட்டும் இருக்கிறது. திருத்துகிறவருக்கு எழுதியவரின் சாதி தெரியாது, தெரு தெரியாது, அப்பன் தறிக்காரனா தறி முதலாளியா என்று தெரியாது. நம் சமூகத்தில் இந்த அறியாமை ஒரு பெரிய கொடை. இதன் நிழலில்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இத்தனை பேர் வெளிவந்தார்கள். தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் ஏறத்தாழ பாதிப்பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள். 2021-22 கணக்கெடுப்பில் 47 விழுக்காடு, அதே ஆண்டில் இந்தியச் சராசரி 28.4. இந்தப் பெருக்கத்தை எள்ளி நகையாடுகிறவர்கள் தங்கள் தாத்தா காலத்திலேயே பட்டம் பெற்றுவிட்டவர்கள்.

இதற்கு மாறாக, 25 மதிப்பெண் அக மதிப்பீடு என்னவாயிற்று என்று பார்ப்போம். கற்பித்தவரே மாணவரின் வளர்ச்சியைக் கண்டு சொல்வார் என்ற உயர்ந்த நோக்கத்தோடு வந்தது அது. நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு பிரம்பாகிவிட்டது. வருகை குறைந்தால் குறையும், எதிர்த்துப் பேசினால் குறையும். அல்லது தேர்ச்சி விழுக்காடு கெடக்கூடாதென்று எல்லாருக்கும் 20-க்குமேல் அள்ளிப்போடப்படும். இரண்டிலும் கற்றல் என்பதே பேச்சில் இல்லை. முகமறியாத் தேர்வும் கறைபடாததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. 2020-இல் கொரோனாவைக் காரணம்காட்டி அரியர் தாள்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தபோது மாணவர்கள் முதல்வருக்குப் பதாகை வைத்துக் கொண்டாடினார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அந்தப் பதாகைகளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் தேர்வு தங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை, வழிமட்டும் மறித்தது என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் அப்படிச் சொன்னார்களோ என்றும் தோன்றுகிறது.

அளப்பதில் இரண்டு வகை உண்டு. பட்டம் தருவதற்காக அளப்பது ஒன்று. கற்றுக்கொடுப்பதற்காக அளப்பது மற்றொன்று. முதலாவதை அந்நியர் செய்வதே நல்லது. இரண்டாவதை அருகிலிருப்பவர்தான் செய்யமுடியும். நாம் இரண்டாவதையும் மதிப்பெண்ணாக்கி முதலாவதோடு கூட்டிவிட்டோம். கூட்டியதும் அது கற்பிக்கும் திறனை இழந்துவிட்டது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் பெயர்பெற்றது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்துரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை போலும். சிறுபிள்ளைகளிடம் கண்டதைக் கல்லூரிக்கு அப்படியே பொருத்தலாமா என்று கேட்கலாம். 25-க்கு 22 வாங்கிய மாணவர் தம் அகத்தேர்வுத் தாளை மறுபடி புரட்டிப் பார்த்ததை எந்தக் கல்லூரி ஆசிரியராவது கண்டதுண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. அகத்தேர்வுகளில் ஒன்றையாவது மதிப்பெண் கணக்கிலிருந்து விடுவியுங்கள். அதைத் திருத்தி, எண் போடாமல், இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று உச்சநீதிமன்றமே 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தும் நம் மாணவர்கள் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்குவது இரண்டு மதிப்பெண் எங்கே விட்டுப்போயிற்று என்று தேடத்தான். ஏன் தவறினோம் என்று தேட யாரும் வாங்குவதில்லை.

அந்தத் தாளில் கைடில் விடை இல்லாத வினா ஒன்றாவது இருக்கட்டும். உங்கள் தெருவிலுள்ள ஜக்கார்டுத் தறியில் ஓர் அட்டையைத் தலைகீழாக மாட்டினால் துணியில் என்ன நிகழும், கணினி நிரலில் அதற்கு ஈடான பிழை எது? வணிகவியல் மாணவருக்கு: இளம்பிள்ளைச் சேலை ஒன்று வாட்ஸ்அப் குழுவில் விற்கப்படும் விலையில் நூலுக்கும் கூலிக்கும் இடைத்தரகுக்கும் போகும் பங்கைக் கேட்டறிந்து எழுதுக, உங்கள் கணக்கில் நம்பமுடியாத எண் எது, ஏன்? செலவுக் கணக்கியல் பாடத்தை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் வினா கிடையாது. கூலி ஏன் ஏறவில்லை என்ற கேள்வியும் அதில் தானே எழுந்துவரும். அது எழுந்துவருவதைச் சிலர் விரும்பமாட்டார்கள் என்பது வேறு கதை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவந்தவர், அதிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் வீட்டிலிருந்து வந்தவர், ஆங்கிலத்தில் விடையெழுத வேண்டியிருக்கும்போது மனப்பாடம் ஒன்றே அவருக்குப் பாதுகாப்பு. சொந்த வாக்கியம் எழுதினால் இலக்கணப் பிழை வரும் என்ற அச்சத்தில் சொந்தச் சிந்தனையையே விட்டுவிடுகிறார். ஆங்கிலவழிப் படிப்பாயினும் தாய்மொழியில் தேர்வெழுத இடம்தரும்படி 2023-இல் பல்கலைக்கழக மானியக்குழு கேட்டுக்கொண்டது. மதிப்பெண் இல்லாத நம் அகத்தேர்வுக்கு அந்த அனுமதிகூடத் தேவையில்லை. தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொற்களை நடுநடுவே போட்டு, அம்புக்குறி வரைந்து எழுதட்டும். அவள் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாள் என்பது முதல்தடவையாக ஆசிரியருக்குத் தெரியவரும்.

எழுபது பேருக்கு எப்படி எழுதிக்கொடுப்பது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. அரசுக் கலைக்கல்லூரிகள் பல கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகின்றன; தனியார் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவரே சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் கற்பித்தல் தரம் பற்றிப் பேசுவது வீண்வேலை என்பதை நூறுமுறை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு கணக்கு: ஒரே வினா, ஒரு பக்க விடை, தாளுக்கு மூன்று நிமிடம் என்றால் எழுபது தாளுக்கு மூன்றரை மணிநேரம். கற்றல் விளைவு அட்டவணைக்கு ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்திற்கு ஆகும் நேரம் இதைவிடக் குறைவா என்று அந்த நண்பர்களே சொல்லட்டும்.